இலக்கிய வகுப்பில் பிள்ளைகளின் வீட்டுக் கதை: எங்கிருந்து தொடங்குவது?

கெப்போங் டீச்சர் எழுதியது:

வணக்கம். கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 4க்குத் தமிழ் எடுக்கிறேன். தேசிய இடைநிலைப்பள்ளிகளில் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால்தான் தமிழ் வகுப்பு என்பது உங்களுக்குத் தெரியும், எங்கள் வகுப்பும் அந்த எண்ணிக்கையை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இலக்கியத்தைத் தனிப்பாடமாக எடுப்பவர்கள் அதிலும் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் வகுப்பு.

அடுத்து வரும் சில வாரங்களைக் குடும்பம், உறவு, வீட்டு வழக்கங்கள் என்று நடத்த ஆசை. ஒரு பாடலைப் படிப்பது, அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் பெரியவர்களிடம் ஏதாவது கேட்டு வருவது, பிறகு எழுதுவது. ஏன் என்று சொல்கிறேன். பிள்ளைகள் பொருள், நயம் எல்லாவற்றையும் படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். ஆனால் பாட்டில் வருகிறவர்களும் தங்கள் வீட்டில் இருப்பவர்களும் ஒரே மாதிரி மனிதர்கள் என்ற எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை. நயம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிற ஒரு பையன், ஓய்வு நேரத்தில், குலதெய்வம் முனீஸ்வரனா மதுரை வீரனா என்ற சண்டையில் தன் பாட்டியும் பாட்டியின் தங்கையும் வருடக்கணக்காகப் பேசிக்கொள்ளாமல் இருப்பதை நடித்தே காட்டினான். மற்ற பிள்ளைகள் சாப்பாட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு வகுப்புக்குள் வரவேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், என் வகுப்பில் ஒருத்திக்கு அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. ஒருவன் அத்தை வீட்டில் வளர்கிறான். ஒரு பெண் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்திலிருந்து வருகிறாள். இன்னொருவனுக்கு அம்மா சீனர், வீட்டில் சீனப் பெருநாளும் உண்டு, பொங்கலும் உண்டு, ஆனால் ‘நம் பண்பாடு’ என்று நான் வாயெடுத்தாலே அவன் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறான். இவர்களிடம் ‘குடும்ப மரம் வரைந்து வாருங்கள்’ என்று சொன்னால் அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள். அதற்காக இந்தத் தலைப்பையே விட்டுவிடவும் மனமில்லை, ஏனென்றால் வீட்டைப் பற்றிப் பேச அதிகம் தேவைப்படுகிறவர்களே இவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

எந்தப் பாடலில் தொடங்கலாம்? வீட்டில் என்ன கேட்கச் சொல்லலாம்? மதிப்பெண் போடுவதா வேண்டாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பாகான் வாத்தியார்:

டீச்சர், படையலிலிருந்து தொடங்குங்கள்.

நான் பட்டர்வொர்த் பக்கம். இங்கே தீபாவளிக்கு முதல் நாள் செத்துப்போனவர்களுக்குப் படையல் போடாத வீடு குறைவு. வாழை இலை, படத்துக்கு மாலை, கோழிக்கறி, ஆட்டுக்கறிப் பிரட்டல், வடை, பலகாரம், அதோடு அந்த ஆளுக்கு உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அது. எங்கள் தாத்தாவுக்கு டின்பால் ஊற்றிய காப்பியும் ஒரு சுருட்டும். பக்கத்து வீட்டில் கறுப்பு பீரைத் திறந்து கிளாசில் ஊற்றியே வைப்பார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே கொஞ்ச நேரம் நிற்பார்கள், அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. இதெல்லாம் பிள்ளைகள் கண்ணால் பார்த்தது, யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது புறநானூறு 232ஐ எடுங்கள். அதியமான் இறந்த பிறகு ஔவையார் பாடியது. ஆறே அடி. காலையும் மாலையும் இனி இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்று தொடங்கி,

‘நடுகல் பீலி சூட்டி, நார்அரி
சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ’

என்று கேட்கிறார். அவன் பெயரில் நட்ட கல்லுக்கு மயில்பீலி சூட்டி, வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறார்கள். உயர்ந்த மலையோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான்?

நான் உரை எதுவும் முதலில் கொடுப்பதில்லை. சீர் பிரித்துப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்து, இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு, ‘யார் யாருக்கு என்ன வைக்கிறார்கள்?’ என்று மட்டும் கேட்பேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருவன், ‘சார், இது படையல்தானே?’ என்பான். அந்த இடத்தில் வகுப்பு மாறிவிடும். ஈராயிரம் வருடத்துக்குப் பக்கமாகச் சொல்லப்படும் ஒரு பாட்டில் தன் வீட்டு பீர் கிளாஸ் இருப்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான், இனி நீங்கள் நயம் சொல்லிக்கொடுத்தால் காது கொடுப்பான். ஔவைக்கு யார்மேல் கோபம், கல்லை நட்டவர்கள்மேலா, செத்துப்போனவன்மேலா, இல்லை தன்மேலேயா என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் போவது தெரியாது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரே ஒரு கேள்வி போதும்: நம் வீட்டில் யாருக்கு என்ன வைக்கிறோம், ஏன் அது? இதில் ஒரு வசதி இருக்கிறது. பேச்சு இறந்தவர்களைப் பற்றியது. இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எந்தப் பிள்ளையும் சொல்லவேண்டிய அவசியம் வராது. அத்தை வீட்டுப் பையன் அத்தை வீட்டுப் படையலை எழுதலாம். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது. இந்திய முஸ்லிம் பிள்ளை வந்தால் வீட்டில் ஃபாத்திஹா ஓதி யாருக்கெல்லாம் சோறு கொடுத்தார்கள் என்று சொல்லலாம். இல்லத்துப் பெண்ணுக்கு மட்டும் முன்கூட்டியே வேறு வழி யோசித்து வையுங்கள், அங்கே எந்தப் பெருநாளை எப்படிக் கொண்டாடுகிறார்கள், சமையலில் யார் பெயர் சொல்கிற பதார்த்தம் எது என்று அவள் கேட்டு வரட்டும்.

செந்தூல் அம்மா:

நான் ஆசிரியை இல்லை, பெற்றோராகச் சொல்கிறேன். என் மகளை நான் தனியாகத்தான் வளர்க்கிறேன். ஒரு பள்ளியில் பெரிய மணிலா அட்டையில் மரம் வரையச் சொல்லி அப்பா படம், அப்பாவின் அப்பா படம் என்று ஒட்டச் சொன்னார்கள். என் மகள் அப்பா என்ற கட்டத்தில் என் தம்பியின் படத்தை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, கண்காட்சி நாளன்று சுவரில் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அவள் பொய் சொன்னாள் என்று நான் நினைக்கவில்லை. கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று யாரோ சொன்னதால் அவள் நிரப்பினாள், அவ்வளவுதான்.

அதனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். கட்டம் போட்ட தாள் எதுவும் வேண்டாம். பிள்ளை எழுதியதை அவளைக் கேட்காமல் வகுப்பில் சத்தமாகப் படிக்க வேண்டாம். கேள்விகளை வாட்சாப் குழுவில் போட வேண்டாம், ஏனென்றால் அங்கே மற்ற அம்மாக்கள் உடனே தங்கள் வீட்டுப் படங்களைப் போட ஆரம்பித்துவிடுவார்கள், அதைப் பார்க்கிற பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். மற்றபடி இந்தப் பாடம் நடக்கவேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். என் மகளுக்கு அவளுடைய கொள்ளுப்பாட்டி ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர் என்பதே போன வருடம்தான் தெரிந்தது.

தீம்புளிப்பாகர்:

பாகான் சார் சொன்ன 232 எனக்கும் பிடித்த பாட்டு. ஆனால் இறந்தவர்களோடு நின்றுவிடக் கூடாது. உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றித்தான் பதினாறு வயதில் அதிகம் சண்டை.

கோம்பாக் பக்கம் வார இறுதி வகுப்பு நடத்துகிறேன், நான் எடுப்பது குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடல். என் பெயரே அதிலிருந்து எடுத்ததுதான். புதிதாகக் கல்யாணமான பெண், முற்றிய தயிரை விரலால் பிசைகிறாள், அந்த விரலைத் துடைத்த சேலையைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள், தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று சாப்பிடுகிறான், அவள் முகம் ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று’. யாருக்கும் தெரியாத அளவுக்கு லேசாக மகிழ்ந்தது. அவ்வளவுதான் பாட்டு.

இதை வாசித்ததும் என் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, ‘அவன் நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால்?’ என்று கேட்டாள். இன்னொருத்தி, ‘அவள் சாப்பிட்டாளா என்று பாட்டில் இல்லையே’ என்றாள். உண்மையிலேயே இல்லை. எத்தனை வருடமாக நடத்துகிறோம், அந்தக் கேள்வியை உரைகளில் நான் பார்த்ததில்லை. அப்புறம் பையன்கள் பக்கம் பேச்சு திரும்பியது. அம்மா தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கிற பையன்கள் நிறைய பேர் வீட்டில் அவர்களேதான் சமைக்கிறார்கள், தம்பி தங்கைக்குச் சோறு போடுகிறார்கள். ஒருவன் தாளிப்புப் புகையை அப்படியே விவரித்தான், காய்ந்த மிளகாய் கருகி வீடு முழுக்க இருமியதை, ஜன்னலைத் திறக்க ஓடியதை. அவனுக்குக் கல்யாணமும் இல்லை, கணவனும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணெரிச்சல் அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் எழுதிய ஒரு பக்கத்தை விடச் சிறந்த உரையை அந்தப் பாட்டுக்கு நான் எழுதிவிட முடியாது, மனதாரச் சொல்கிறேன்.

இன்னொன்று. இந்தப் பாட்டைச் சொல்வது யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பெற்ற தாய் இல்லை. வளர்த்த தாய், செவிலி. அவள் அந்தப் புதுவீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்றவளிடம் சொல்கிறாள். அகப்பாடல்களில் ஒரு பெண்ணுக்கு இரண்டு அம்மா இருப்பது சாதாரணம், அதில் மகளைக் கிட்ட இருந்து பார்த்தவள் பெரும்பாலும் வளர்த்தவள்தான். கெப்போங் டீச்சரின் வகுப்பில் அத்தை வளர்க்கிற பையன் இருக்கிறான் என்றீர்களே, அவனைப் பெயர் சொல்லி எதுவும் கேட்க வேண்டாம். செவிலியை மட்டும் நன்றாக அறிமுகப்படுத்திவிடுங்கள். வேண்டுமென்றால் அவனே எடுத்துக்கொள்வான்.

நற்றிணை 110ம் இந்த வரிசையில் வரும், ஆனால் அதைக் கவனமாக எடுக்க வேண்டும். தேன் கலந்த பாலைக் குடிக்கச் சொல்லி விரட்டினால் ஓடிப்போன சின்னப் பெண், இப்போது கணவன் வீட்டில் வறுமை வந்தபோதும் அப்பா வீட்டுச் சோற்றை நினைக்காமல், வேளை தவறித்தான் சாப்பிடுகிறாள். இதைப் பெருமையாக மட்டும் நடத்துவது வழக்கம். தயவுசெய்து அப்படி நடத்தாதீர்கள். அவள் வீட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேளுங்கள். வகுப்பில் எந்தப் பெண்ணின் அக்கா எந்த வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது, பொறுத்துக்கொள்வதுதான் மரபு என்று ஓர் ஆசிரியர் வாயால் அவள் கேட்கக்கூடாது.

பாயான் பாரு வாசகி:

சீனத் தாயின் மகன் ஜன்னலைப் பார்க்கிறான் என்று டீச்சர் எழுதியதைப் படித்ததும் என் பாட்டி நினைவுக்கு வந்தார். அவர் பிறப்பால் சீனர். கெடாவில் ஒரு தோட்டத்தில், கைக்குழந்தையாக ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவர். அந்தக் காலத்தில் வளர்க்க முடியாத சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளை இப்படிக் கொடுப்பது மலாயாவில் பல இடங்களிலும் நடந்திருக்கிறது, தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மூக்குத்தி, கண்டாங்கிச் சேலை, தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம். எங்களுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்ததும், ஒப்பாரி வைக்கத் தெரிந்த கடைசி ஆளும் அவர்தான்.

நான் பள்ளியில் படித்தபோது ‘தமிழர் பண்பாடு’ கட்டுரையில் பாட்டியைப் பற்றி எழுதலாமா என்று தயங்கி எழுதாமலே விட்டேன், ஏனென்றால் பாடநூலில் வருகிற பாட்டிக்கு அவர் முகம் இல்லை. இங்கே செவிலியைப் பற்றிப் படித்தபோதுதான் இது வேறுமாதிரியும் நடந்திருக்கலாம் என்று தோன்றியது. யார் பெற்றார் என்று கேட்காமல் யார் ஊட்டினார் என்று கேட்டிருந்தால் நான் பத்துப் பக்கம் எழுதியிருப்பேன். அந்தப் பையனிடமும் அதையே கேளுங்கள் டீச்சர். அவன் அம்மாவின் அம்மா பெருநாளுக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் என்ன வைக்கிறார், யாருக்காகக் காத்திருக்கிறார், அங்கேயும் முன்னோருக்குப் படைப்பது உண்டல்லவா, 232 அவனுக்கும் பொருந்தும்.

ரவாங் பேரன்:

நல்ல பேச்சு. ஒன்றைச் சேர்க்கிறேன், வீட்டில் கேட்கப்போகும்போது எதை முதலில் கேட்பது என்பது முக்கியம்.

எங்கள் கொள்ளுத்தாத்தா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தது. மலாயாவிலிருந்து போன தொழிலாளர்களில் பெரும்பகுதி நம் தோட்டத்துத் தமிழர்கள், திரும்பி வராதவர்கள் ஏராளம். ஆர். சண்முகம் இதை வைத்து ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலே எழுதியிருக்கிறார், மலேசியப் பிள்ளைகள் படிக்க வேண்டிய புத்தகம். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. நான் போய் நேராக ‘தாத்தாவின் அப்பா எப்படி இறந்தார்?’ என்று கேட்டபோது தாத்தா எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு வேறொரு நாள் என் அக்கா, ‘ஜப்பான்காரன் காலத்தில் உங்கள் அம்மா உங்களுக்கு என்ன சாப்பாடு கொடுத்ததாகச் சொல்வார்?’ என்று கேட்டாள். மரவள்ளிக்கிழங்கில் ஆரம்பித்தார். கிழங்கை அவித்தது, காயவைத்து மாவாக்கியது, உப்பு கிடைக்காதது, கிழங்கு பிடுங்கப் போன அம்மா ஒரு பாதையில் மட்டும் போகமாட்டார் என்பது, ஏன் போகமாட்டார் என்றால் லாரி வந்து ஆட்களை ஏற்றிய பாதை அது. நாங்கள் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. இது அக்காவின் கெட்டிக்காரத்தனம் மட்டும் இல்லை, சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒரு மனிதர் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவரே முடிவு செய்துகொள்ள முடிகிறது. பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் கொடுப்பதாக இருந்தால், சாவு, கல்யாணம், சொத்து, சாதி இவற்றில் எதையும் முதல் கேள்வியாக வைக்காதீர்கள். சாதி கடைசியிலும் வேண்டாம் என்பது என் கருத்து, அதைக் கேட்கச் சொல்லி அனுப்புகிற வேலை பள்ளிக்கு எதற்கு?

கெப்போங் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. செந்தூல் அம்மா, உங்கள் மகளின் அட்டையைப் பற்றிப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்ட மூன்றும் அப்படியே என் வகுப்பில் இருக்கும்.

இப்போது மனதில் உள்ளது இது. முதல் சனிக்கிழமை 232. வீட்டுக் கேள்வி: யாருக்கு என்ன வைக்கிறோம். இரண்டாவது வாரம் 167, செவிலியோடு, வீட்டுக் கேள்வி: எனக்கு முதலில் சமைக்கவோ சாப்பிடவோ சொல்லிக்கொடுத்தவர் யார், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது வாரம் பிள்ளைகள் எழுதுவது. பாட்டின் வடிவத்திலேயே ஆறு அடிக்குள் எழுதலாம், அல்லது உரைநடையில் எழுதலாம். தன் வீட்டை எழுத விரும்பாதவர்கள் ஔவைக்கோ அந்தப் புதுப்பெண்ணுக்கோ ஒரு கடிதம் எழுதட்டும், இரண்டுக்கும் ஒரே மரியாதை. 110ஐப் படிவம் 5க்கு வைத்துக்கொள்கிறேன், அதற்கு இன்னும் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

மதிப்பெண் விஷயம் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. போடாவிட்டால் சில பெற்றோர் நேரம் வீணாகிறது என்பார்கள்.

பாகான் வாத்தியார்:

பாட்டைப் பற்றி எழுதியதற்கு மட்டும் போடுங்கள் டீச்சர். யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சொல்லில் உணர்ச்சி நிற்கிறது, அதற்குச் சான்று எது, இதெல்லாம் தேர்வுக்கும் வேண்டியதுதான், பெற்றோரிடம் காட்டலாம். வீட்டிலிருந்து வந்ததற்கு எண் வேண்டாம். ஓரத்தில் ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள்: ‘சுருட்டு எந்தக் கடையில் வாங்குவார்?’ என்பது மாதிரி. அந்தக் கேள்விக்குப் பதில் கேட்க அவன் இன்னொரு தடவை பாட்டியிடம் போவான்.

செந்தூல் அம்மா:

இப்படி நடத்துவதாக இருந்தால் என் மகளையும் சனிக்கிழமை அனுப்பலாமா டீச்சர்? வேறு பள்ளிதான், ஆனால் கெப்போங் எங்களுக்குப் பக்கம்.

கெப்போங் டீச்சர்:

பள்ளியில் அனுமதி கேட்க வேண்டும். திங்கட்கிழமை கேட்டுவிட்டு உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன்.